டெல்டாவில் வீடு கட்டுகிறவர்கள் நிலநடுக்கம் பற்றிக் கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் வீடுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கம்பிக் கணக்கு போட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் முதலில் கேட்பது வாஸ்து, அப்புறம் செலவு. எங்காவது இடிந்த கட்டடங்களை டி.வி.யில் காட்டினால், அடுத்த ஒரு வாரம் மட்டும் நிலநடுக்கம். அப்படிப்பட்ட வாரங்களில் சேர்ந்த கேள்விகள் இவை.

நம்ம தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் நிலநடுக்கம் வருமா என்ன?

பெரிதாக வர வாய்ப்பு குறைவு. நாட்டை நிலநடுக்க மண்டலங்களாகப் பிரிக்கும் விதிநூல் ஐ.எஸ். 1893. அதன் 2016 பதிப்பில் இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்கள். தஞ்சாவூரும் திருச்சியும் இரண்டாம் மண்டலம், அதாவது இருப்பதிலேயே குறைந்தது. சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலம். ஆட்டத்தின் பலத்துக்காகக் கணக்கில் போடும் எண் நமக்கு 0.10, சென்னைக்கு 0.16, ஐந்தாம் மண்டலமான குஜராத்தின் புஜ்ஜுக்கு 0.36.

இரண்டில் தொடங்குகிறதே, ஒன்றாம் மண்டலம் எங்கே என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். கேட்பதே இல்லை. ஒன்று முன்பு இருந்தது. மகாராஷ்டிரத்தில் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி அந்த ஒன்றாம் மண்டலத்தில்தான் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று, விடிகாலை நான்கு மணிக்குச் சற்று முன், 6.2 அளவில் அங்கே நிலம் ஆடியது. பிள்ளையார் கரைப்பு முடிந்து ஊரே அசந்து தூங்கிய நேரம். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது மண்சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர். 2002 திருத்தத்தில் ஒன்றாம் மண்டலத்தையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நம் பக்கத்தில் பார்த்தால் 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் ஒரு பெரிய நடுக்கம். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு எதிரே கடலுக்கடியில் ஐந்தரை அளவில் ஒன்று. சென்னை வரை மக்கள் வீதிக்கு ஓடி வந்தார்கள். குறைந்த ஆபத்து என்பது உண்மை. ஆபத்தே இல்லை என்பது கில்லாரியோடு போயிற்று.

பெரிய கோயில் ஆயிரம் வருஷமாக நிற்கிறதே. அந்த நுட்பத்தில் கட்ட முடியாதா?

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. 1010இல் முடிந்த விமானம் 60 மீட்டருக்கு மேல் உயரம், அடிப்பக்கம் சுமார் 30 மீட்டர் சதுரம். அகன்ற அடி, மேலே போகப் போகக் குறுகும் எடை, நான்கு பக்கமும் ஒரே அளவு, வளைவு திருப்பம் இல்லாத தரைப்படம். பக்கவாட்டு விசையைத் தாங்க இதைவிட நல்ல வடிவம் கிடையாது. இன்றைய விதிநூல்களும் முதல் அத்தியாயத்தில் இதைத்தான் சொல்கின்றன: வடிவம் ஒழுங்காக இருக்கட்டும், எடை கீழே இருக்கட்டும்.

சரி, நம் வீட்டைப் பாருங்கள். கீழே நாலு பில்லர் மேல் கார் நிறுத்துமிடம், மேலே மூன்றடி வெளியே நீட்டிய படுக்கையறை, அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி. கோயிலைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. ராஜராஜனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதானால் அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரமே இல்லாமல் நிற்கிறது, ஆறு பூகம்பம் தாங்கியது என்று வாட்ஸ்அப்பில் வருவதை என்னிடம் நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

நமக்குக் கல்லே இல்லையே, எல்லாம் ஆற்று மண். அது நல்லதா கெட்டதா?

மெத்தென்ற மண் அதிர்ச்சியை உறிஞ்சிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பாறையில் சின்னதாக வரும் அதிர்வு, மேலே ஏறி வண்டல் அடுக்குக்குள் நுழையும்போது பெரிதாகிறது, நேரமும் நீள்கிறது. 1985இல் மெக்சிகோ நகரத்துக்கு 350 கிலோமீட்டருக்கு அப்பால் கடற்கரையோரம் பூமி ஆடியது. பழைய ஏரிப் படுகைக் களிமண் மேல் கட்டிய நகரப் பகுதிதான் நொறுங்கியது. 2001 குடியரசு நாள் காலையில் புஜ் பக்கம் ஆடியபோது, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அகமதாபாத்தும் சபர்மதியின் வண்டல் மேல் இருக்கும் ஊர்தான்.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு மாடி, இரண்டு மாடி வீடு விறைப்பானது, படபடவென்று வேகமாக ஆடும். அதற்கு விதிநூல் பாறைக்கும் களிக்கும் ஒரே எண்ணைத்தான் தருகிறது. உயரம் கூடக்கூட ஆட்டம் மெதுவாகும். அப்போதுதான் மெத்தென்ற மண் தன் வேலையைக் காட்டும். எட்டு மாடிக் கட்டடத்துக்குப் பாறையைவிட நம் மண்ணில் விசை அறுபது சதவீதத்துக்கு மேல் கூடும். எட்டு மாடி கட்டுகிறவர் மண் பரிசோதனைக்குக் காசு பார்க்கக் கூடாது.

இன்னொன்று மணல். கொள்ளிடக் கரையோரம் பத்தடி தோண்டினால் பொலபொலவென்று மணல், அதிலேயே தண்ணீர். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஐந்தடியிலேயே ஊற்று எடுக்கும். தளர்வான மணலில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது பலமாக ஆட்டினால் மணல் கொஞ்ச நேரத்துக்குக் கூழாகிவிடும். 1964இல் ஜப்பானின் நிகாட்டாவில் அடுக்குமாடிகள் சுவர் உடையாமலே அப்படியே சாய்ந்து படுத்தன. நம் மண்டலத்தின் ஆட்டத்துக்கு இது வீட்டளவில் பெரிய கவலை இல்லை. மண்டபம், மருத்துவமனை, பள்ளி என்றால் துளைக்குள் குழாயை அடித்து இறக்கி மண்ணின் இறுக்கம் பார்க்கும் எஸ்.பி.டி. சோதனையோடு இந்தக் கணக்கையும் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு சாதாரண வீட்டை நிலநடுக்கம் எவ்வளவு பலத்தோடு தள்ளும்?

ஆயிரம் சதுர அடியில் கீழும் மேலுமாக ஒரு கான்கிரீட் வீடு, சுவர், தளம், சாமான் எல்லாம் சேர்த்து 200 டன் வரும் என்று வைத்துக்கொள்வோம். நம் மண்டலத்தின் எண்ணைப் பாதியாக்கி, குட்டை வீட்டுக்குரிய 2.5ஆல் பெருக்கினால் எடையில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 25 டன், பக்கவாட்டில். ஆனால் விதிநூல் அந்த 25 டன்னுக்கு டிசைன் செய்யச் சொல்வதில்லை. பில்லரும் பீமுமாக நிற்கும் சாதாரணச் சட்டக் கட்டடத்துக்கு அதை மூன்றால் வகுத்து எட்டு டன் சொச்சத்துக்குச் செய்தால் போதும் என்கிறது. எட்டு டன் என்றால் கொள்முதல் நிலையத்து நாற்பது கிலோ மூட்டையில் இருநூறு மூட்டை நெல். அந்தப் பாரம் மேலிருந்து கீழே அழுத்தாமல் பக்கத்திலிருந்து தள்ளுகிறது.

மீதி 17 டன் எங்கே போயிற்று? இந்த ஒரு கேள்விதான் முழு விஷயமும். கம்பி உடையாமல் வளைந்து, நெளிந்து, கட்டடம் விரிசல் விட்டபடியே நிற்கும் என்று நம்பித்தான் விதிநூல் அதைத் தள்ளுபடி செய்திருக்கிறது. அப்படி வளைந்து கொடுக்கும்படி கட்டியிருந்தால் தள்ளுபடி செல்லும். இல்லாவிட்டால் அந்தக் கடன் ஒருநாள் வட்டியோடு வரும்.

வளைந்து கொடுக்கும்படி கட்டுவது என்றால் என்ன செய்ய வேண்டும்?

பில்லரில் இருக்கும் ரிங்கைப் பாருங்கள். அதில் பாதி விஷயம் இருக்கிறது.

எட்டு மில்லி கம்பியைச் செவ்வகமாக வளைத்து, இரண்டு முனையும் ஒரு மூலையில் சேரும். அந்த முனையை நம் பக்கம் பெரும்பாலும் எல் எழுத்துப் போல நேராக மடித்து விட்டுவிடுவார்கள். பார்க்க அழகாக மூடியிருக்கும். நிலம் ஆடும்போது பில்லரின் மேல்தோல் உதிரும். தோல் போனதும் அந்த எல் முனையைப் பிடிக்க ஒன்றும் இல்லை, ரிங் வாயைப் பிளந்துவிடும். ரிங் பிளந்தால் நெட்டுக் கம்பி வெளியே பிதுங்கும், உள்ளே இருக்கும் கான்கிரீட் தவிடாகும். பில்லர் போனால் மேலே இருப்பது எல்லாம் கீழே.

செய்ய வேண்டியது: அந்த முனையை இன்னும் பாதி மடிப்பு கூட மடித்து, 135 டிகிரியில், பில்லரின் வயிற்றுக்குள் பார்த்தபடி குத்தி நிற்க வைப்பது. முனை நீளம் குறைந்தது 65 மில்லிமீட்டர், இரண்டரை அங்குலம். நிலநடுக்கத்துக்குக் கம்பி கட்டும் முறையைச் சொல்லும் விதிநூலான ஐ.எஸ். 13920 கேட்பது இதைத்தான். மூன்றாம் மண்டலத்திலிருந்து அது கட்டாயம்; நமக்கு விருப்பம். விருப்பம் என்று எழுதியிருப்பதால் யாரும் விரும்புவதில்லை.

போன வருஷம் ஒரு சைட்டில் கம்பி வேலை செய்யும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "சார், முனையை உள்ள மடிச்சா ரிங்கை மேலேயிருந்து எறக்க முடியாது சார், சிக்கும்" என்றார். உண்மைதான், சிக்கும். "எறக்காதீங்கண்ணே, நெட்டுக் கம்பியை நிறுத்துறதுக்கு முன்னாடியே எல்லா ரிங்கையும் அடியில போட்டு வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா மேல தூக்கிக் கட்டுங்க" என்றேன். முதல் பில்லருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாலாவது பில்லரில் பழைய வேகம் வந்துவிட்டது. ஒரு ரிங்கின் மூலை ஒரு பக்கம், அடுத்ததன் மூலை எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும் என்பதை அவரே சொன்னார்.

இரண்டாவது, நெருக்கம். பில்லரின் அடியிலும் தலையிலும் இரண்டிரண்டு அடிக்கு நாலு அங்குலத்துக்கு ஒரு ரிங். நடுவில் ஆறு அங்குலம் போதும். ஆட்டத்தில் பில்லர் முறிவது அந்த இரண்டு முனையில்தான்.

செலவு என்ன? ஒன்பதுக்குப் பன்னிரண்டு பில்லர், பத்தடி உயரம் என்றால் ஐந்தாறு ரிங் கூடுதல். ஒரு ரிங் நானூறு கிராமுக்குக் கீழே. பில்லருக்கு இரண்டேகால் கிலோ. பன்னிரண்டு பில்லர், இரண்டு தளம்: 54 கிலோ. கிலோ 65 ரூபாய் என்று போட்டால் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம். வாசல் கதவின் பித்தளைக் கைப்பிடிக்கு இதைவிடக் கூடக் கொடுக்கிறோம்.

ரிங் தவிர பில்லரில் வேறு எதைக் கவனிக்க?

பில்லரும் பீமும் சேரும் முடிச்சு. பீம் கம்பிகள் நாலு பக்கமும் நுழைவதால் அங்கே ரிங் போடக் கையே நுழையாது. அதனால் அங்கே மட்டும் விட்டுவிடுவார்கள். மிக அதிகமாக முறுக்கப்படும் இடம் அதுதான். பீம் கம்பி நுழைவதற்கு முன்பே அங்கேயும் ரிங் இறங்கியிருக்க வேண்டும்.

ஒட்டுக் கம்பி அடுத்தது. கீழ்த்தளத்துக் கம்பி தளத்துக்கு மேல் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும், மேல் பில்லரின் கம்பியை அங்கேயே ஒட்டிக் கட்டுவது வழக்கம். நின்றபடி கட்டலாம், சுலபம். ஆனால் முறியும் இடத்திலேயே ஒட்டு வருகிறது. பில்லரின் நடு உயரத்தில் ஒட்டு வரும்படி கம்பியை நீளமாக விடச் சொல்லுங்கள்.

அளவு. சுவர் ஒன்பது அங்குலம் என்பதால் பில்லரும் ஒன்பது அங்குலத்துக்குள் ஒளிய வேண்டும் என்பது நம் ஊர் ஆசை. ஐ.எஸ். 13920 கேட்பது குறைந்தது 300 மில்லிமீட்டர், ஒரு அடி. மூன்று அங்குலம் மூலையில் துருத்தினால் பீரோ ஒட்டி நிற்காது என்று ஒரு அம்மா என்னோடு அரை மணி நேரம் வாதாடினார். பீரோவைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஒத்துக்கொண்டார், மகன் பேச்சைக் கேட்டு. என் பேச்சைக் கேட்டு அல்ல.

அப்புறம், பீமைத் தடியாகப் போட்டு அதைக் குச்சி போன்ற பில்லரில் உட்கார வைக்காதீர்கள். முறிவதானால் பீம் முதலில் முறியட்டும். ஒரு அறைதான் போகும். பில்லர் முதலில் முறிந்தால் மாடியே உட்கார்ந்துவிடும்.

கீழே முழுக்க பார்க்கிங், மேலே வீடு. இது தப்பா?

அகமதாபாத்தில் விழுந்தவை பலவும் இந்த வடிவம்தான். மேல் மாடிகளில் சுவர்கள் நிறைந்து பெட்டி போல விறைப்பாக இருக்கும். கீழே வெறும் பில்லர். ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத்துக்கு வந்து சேரும், நாற்காலியின் கால் மட்டும் மடங்குவது போல.

நம்மிடம் இதன் உள்ளூர் வடிவம் கல்யாண மண்டபம். கீழே பந்தி பரிமாறும் கூடமோ வண்டி நிறுத்துமிடமோ, சுவரே இல்லாமல் திறந்தவெளி. மேலே ஐந்நூறு பேர் உட்காரும் மண்டபம், தடித்த பீம், மேடை, பால்கனி. முகூர்த்த நாளில் எல்லா எடையும் மேலேதான்.

தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் சும்மா விடக் கூடாது. 2016 விதிநூல் கீழ்த்தளத்தில் கான்கிரீட் சுவர்களோ பில்லர்களுக்கு இடையே குறுக்காகச் சாய்த்த சட்டங்களோ கேட்கிறது. மாடிப்படி, லிஃப்ட், கழிப்பறை இருக்கும் பக்கங்களில் தரையிலிருந்து மேல் வரை கான்கிரீட் சுவர் ஏற்றினால் கார் போகும் வழி தடைபடாது. அதை ஒரே மூலையில் குவிக்காமல் எதிரெதிர்ப் பக்கங்களில் போட வேண்டும்.

கடைக் கட்டடம்? முன்பக்கம் முழுக்க ஷட்டர்தானே?

கும்பகோணம் பெரிய தெருவில் நின்று பாருங்கள்: முன்பக்கம் ஷட்டர், மற்ற மூன்று பக்கம் சுவர். ஆடும்போது பின்பக்கம் அசையாது, முன்பக்கம் ஓடும்; கட்டடம் முறுக்கிக்கொள்ளும். முன்வரிசைப் பில்லர்களைப் பெரிதாக்குவது ஒன்றே சுலப வழி. பக்கத்துக் கடையோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளாமல் இடைவெளி விட்டுக் கட்டினால், இரண்டும் ஒன்றையொன்று மோதாது. அங்குலக் கணக்கில் நிலம் விற்கும் தெருவில் இதைச் சொல்லிவிட்டு நான் வேகமாக நடந்துவிடுவேன்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் வீட்டைத் தூண் மேல் உயர்த்தச் சொல்கிறார்கள். மேலே நீங்கள் சொன்னதற்கு இது எதிராக இருக்கிறதே?

நல்ல கேள்வி, எனக்கே கொஞ்ச நாள் உறுத்திய கேள்வி. 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது ஆட்டம் அல்ல, சுமத்திராவுக்கு அருகே ஆடியதால் கிளம்பிய அலை. அலைக்குத் தண்ணீர் அடியில் புகுந்து போக வழி விட்டால் நல்லது, அதனால் தூண். ஆட்டத்துக்குக் கீழ்த்தளம் விறைப்பாக இருந்தால் நல்லது, அதனால் சுவர்.

இரண்டுக்கும் நடுவழி உண்டு. தூண்களைத் தடியாகப் போட்டு, தரைமட்டத்தில் நான்கு பக்கமும் பீமால் கட்டி, கடலுக்குச் செங்குத்தாக, அதாவது அலை வரும் திசைக்கு ஒட்டினாற்போல, சில கான்கிரீட் சுவர்களை நிறுத்தலாம். தண்ணீர் அவற்றின் பக்கவாட்டில் ஓடிவிடும். கடலுக்கு இணையான திசைக்குத் தூண்களின் பலமே போதும்படி கணக்குப் போட வேண்டும். கீழே அடைத்தே தீர வேண்டும் என்றால் அலை பட்டதும் விழுந்துவிடும் இலேசான தட்டி மட்டும்.

அங்கே தண்ணீர் உப்பு. கான்கிரீட்டுக்கு அதையே ஊற்றலாமா?

கூடாது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான விதிநூல் ஐ.எஸ். 456. உப்புத் தண்ணீரில் போட்ட பில்லர் சில வருஷங்களில் கம்பி துருப்பிடித்து வீங்கி, நெட்டுக்கு வெடிக்கும். முதலில் அரித்துப் போவது ஒல்லியான ரிங்தான். மேலே இவ்வளவு நேரம் பேசிய அதே ரிங்.

கம்பி எந்த ரகம் வாங்குவது?

கம்பியின் பலத்தைச் சொல்லும் எஃப்.இ. 500 என்று இருப்பதோடு கடைசியில் 'டி' இருக்கிறதா பாருங்கள். டி என்றால் அதிகம் இழுபடும். கம்பிக்கான விதிநூல் ஐ.எஸ். 1786இன்படி அறுவதற்குள் சாதா 500 குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும். 500டி 16 சதவீதம். அந்தத் தள்ளுபடி 17 டன்னைச் சமாளிப்பது இந்த நீட்சிதான். எண் பெரிதாக இருந்தால் உசத்தி என்று நினைத்து வெறும் 550 வாங்க வேண்டாம்.

பில்லர் போடாமல் சுவர் மேலேயே தளம் போடுகிறோம். அது தாங்குமா?

ஒரு மாடிக்குத் தாராளமாகத் தாங்கும், சுவர்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டால். நாலு சீட்டுக்கட்டு அட்டையை நிறுத்தினால் ஊதினாலே விழும். சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் நிற்கும். அந்த ரப்பர் பேண்ட்தான் பெல்ட் கான்கிரீட். தரைமட்டத்தில் ஒன்று, லிண்டல் மட்டத்தில் ஒன்று. ஓட்டுக் கூரையாக இருந்தால் கூரை உட்காரும் இடத்தில் இன்னொன்று. கான்கிரீட் தளமே இருந்தால் அதுவே மேல் பெல்ட். மூன்று அங்குலத் தடிமன், இரண்டு கம்பி போதும், ஆனால் ஒரு இடத்திலும் அறாமல் வீட்டைச் சுற்றி வர வேண்டும். ஜன்னலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டுச் சுவரில் நிறுத்துவது பெல்ட் ஆகாது.

நம் களிமண்ணுக்குத் தரைமட்டப் பெல்ட் எப்படியும் வேண்டும், நிலநடுக்கமே வராவிட்டாலும். ஒரு மூலை இறங்கினாலும் அது வீட்டைச் சேர்த்துப் பிடிக்கும். கதவு ஜன்னலைச் சுவர் மூலைக்கு ஒன்றரை அடிக்குள் வைக்காதீர்கள்.

தாத்தா கட்டிய ஓட்டு வீடு, சில அறைகளுக்கு மெட்ராஸ் டெரஸ். ஆபத்தா?

ஓட்டுப் பகுதி இலேசு, மரச்சட்டம் வளைந்து கொடுக்கும். ஓடு சரியும், அவ்வளவுதான். மெட்ராஸ் டெரஸ் வேறு கதை. தேக்கு உத்தரங்கள் மேல் செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பு போட்ட தளம், கனமானது. உத்தரத்தின் முனை சுவருக்குள் சும்மா செருகியிருக்கும். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தால் முனை நழுவும், அல்லது மழைநீர் கசிந்து முனை ஏற்கெனவே மக்கியிருக்கும். முனைகளை ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். புட்டு மாதிரி இறங்கினால் அந்த அறையில் படுக்காதீர்கள். உத்தரங்களை இரும்புப் பட்டையால் சுவரோடு கட்டிப்போட்டு, எதிரெதிர்ச் சுவர்களை இழுப்புக் கம்பியால் இணைத்தால் பெரும்பகுதி பயம் தீரும். வீட்டை இடிக்க வேண்டாம்.

சுவரில் குறுக்கே விரிசல். போன மாதம் அந்தமானில் ஆடியதால் இருக்குமோ?

இருக்காது. கோடையில் அகன்று ஐப்பசி மழையில் சேர்ந்துகொண்டால் அது களிமண் வேலை. வெயிலில் சுருங்கி, மழையில் ஊதுகிறது. விரிசலுக்கு இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதியெழுதி, சித்திரையில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை அளந்து பாருங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் அடியில் குமிழ் வைத்த அண்டர் ரீம்டு பைல் போட்டால் அந்தச் சுருங்கி ஊதும் மேல்மண்ணைத் தாண்டி இறங்கிவிடலாம்.

கஜா புயலில் தகரக் கூரையெல்லாம் பறந்தது. கனமான கூரைதானே பாதுகாப்பு?

2018 நவம்பர் 16க்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் எல்லோரும் இதைச் சொன்னார்கள். காற்றுக்கு எடை நண்பன், ஆட்டத்துக்கு எடை எதிரி. எனவே இலேசான கூரையைப் போட்டு, அதை நன்றாகக் கட்டிப்போடுங்கள். கஜாவில் பறந்த பல கூரைகள் இலேசானதால் பறக்கவில்லை. சுவரில் நங்கூரம் இல்லாமல் வெறும் ஜே போல்ட்டில் தொங்கியதால் பறந்தன.

ஏற்கெனவே கட்டியாயிற்று. மேலே இன்னொரு மாடி ஏற்றலாமா?

பழைய கம்பி வரைபடம் கையில் இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் ஒரு பில்லரின் அடியில் பூச்சைச் சுரண்டி ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று இருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று என்றால் அதன்மேல் மாடி வேண்டாம், அல்லது பில்லர்களைச் சுற்றிப் புதுக்கம்பி கட்டிக் கான்கிரீட் சட்டை போட வேண்டும். அது புது பில்லரைவிடச் செலவு.

ஆடும்போது என்ன செய்வது?

மாடிப்படியில் ஓடாதீர்கள். மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரும் ஜாடிகளும் விழும் இடம் வாசல்தான். ஆட்டம் நின்ற பிறகே வெளியே போங்கள். கடலோரத்தில் இருந்தால் நின்றவுடன் மேட்டுக்கு.

எனக்கு இதெல்லாம் தெரியாது. கான்கிரீட் போடுகிற நாளில் நான் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமென்றால்?

முந்தின நாள் சாயங்காலம் போங்கள், மறுநாள் காலையில் மிக்சர் வந்த பிறகு யாரும் உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். செல்போன் டார்ச்சை எடுத்து, பில்லர் பலகைக்குள் மேலிருந்து அடித்துப் பாருங்கள். பீம் கம்பிகள் குறுக்கே போகும் அந்த முடிச்சுக்குள் ரிங் தெரிகிறதா, அதன் முனை உள்ளே பார்க்கிறதா. தெரியவில்லை என்றால் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "அண்ணே, இங்க ரெண்டு ரிங் குறையுது" என்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்கு ஏதோ தெரியும் என்று நினைத்து மற்ற பதினோரு பில்லரையும் அவரே ஒருமுறை பார்த்துவிடுவார்.